வீட்டு பிராட்பேண்டுக்கு நம்பகமான வைஃபை ரவுட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டு ரவுட்டரைக் கடைசியாக எப்போது அணைத்துப் போட்டோம் என்பது நினைவில் இல்லையென்றால், அது நல்ல ரவுட்டர். வாரத்துக்கு இரண்டு முறை யாராவது எழுந்துபோய் ஸ்விட்சை அணைத்து, பத்து எண்ணிவிட்டு மீண்டும் போட வேண்டியிருந்தால், அதன் பெட்டியில் எத்தனை ஆயிரம் எம்பிபிஎஸ் என்று அச்சிட்டிருந்தாலும் அது நல்ல ரவுட்டர் ஆகாது. நம்பகம் என்று இங்கே நான் சொல்வது இதைத்தான்: மாதக்கணக்கில் நிற்காமல் ஓடுவது, பயன்பாட்டில் இருக்கும் காலம் முழுவதும் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறுவது, வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போதும் திணறாமல் இருப்பது. இந்த மூன்றில் ஒன்றுகூடப் பெட்டியின் முகப்பில் எழுதப்பட்டிருக்காது. எனவே எங்கே பார்ப்பது, எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டியிருக்கிறது.

முதலில், கோளாறு ரவுட்டரில்தானா?

இணையம் விட்டுவிட்டு வருகிறது என்றவுடன் புதிய ரவுட்டரை வாங்கிவிடுகிறோம். வாங்கிய பிறகும் அதே தொல்லை தொடரும்போதுதான், கோளாறு வெளியிலிருந்து வரும் லைனில் இருந்தது தெரியவருகிறது. இதைப் பிரித்தறிய அரை மணி நேரம் போதும். மடிக்கணினியில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் சொந்த முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, சரியான முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும்), மற்றொன்றில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 போன்ற வெளிமுகவரிக்கும், பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று அளக்கும் பிங் கட்டளையைத் தொடர்ந்து ஓடவிட வேண்டும்.

ரவுட்டரிடமிருந்து ஓரிரு மில்லி விநாடிகளில் பதில் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போதே வெளிமுகவரியின் பதில் மட்டும் அறுபட்டால், தவறு பெரும்பாலும் லைனிலோ சேவை நிறுவனத்தின் பக்கத்திலோ இருக்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த ரவுட்டரும் அதைச் சரிசெய்யாது. ரவுட்டரின் பதிலே 200, 300 மில்லி விநாடிகளுக்குத் தாவினாலோ வராமலே போனாலோ, லேன் கேபிளைச் செருகி இதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். கேபிளில் சீராகவும் வைஃபையில் மட்டும் தடுமாற்றமாகவும் இருந்தால், சிக்கல் ரவுட்டர் வைத்திருக்கும் இடத்திலோ சேனல் நெரிசலிலோ (அக்கம்பக்கத்து வைஃபைகளும் அதே அலைப்பகுதியில் மோதுவதிலோ) இருக்க வாய்ப்பு அதிகம். கேபிளிலும் தடுமாறினால்தான் பெட்டியைச் சந்தேகிக்க நியாயம் உண்டு.

அப்போதும் அடாப்டரைப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. என் வீட்டு ரவுட்டர் ஒருமுறை மாலை நேரங்களில் மட்டும் தானாக அணைந்து உயிர்பெற்றுக்கொண்டிருந்தது. ஃபர்ம்வேரை (ரவுட்டருக்குள் இயங்கும் மென்பொருளை) மாற்றினேன், அமைப்புகளை அழித்துப் புதிதாகப் போட்டேன், சேவை நிறுவனத்தோடு இரண்டு வாரம் வாதாடினேன். கடைசியில் அடாப்டரைக் கையில் எடுத்தபோது அது தொட முடியாத சூட்டில் இருந்தது. உள்ளே இருந்த கெப்பாசிட்டர் நலிந்துபோய், எல்லோரும் வீட்டில் இருந்து ரவுட்டர் அதிக மின்சாரம் இழுக்கும் நேரத்தில் 12 வோல்ட்டைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் விட்டுவிட்டது. புதிய அடாப்டர் போட்ட பிறகு அதே ரவுட்டர் மேலும் மூன்று ஆண்டுகள் ஓடியது. மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அளவு அப்படியே ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையின் தடிமனும், அதன் நடுவே பாசிட்டிவ் இருக்கிறதா என்பதைக் காட்டும் சிறு வட்டப் படமும் பொருந்த வேண்டும்.

வீட்டுக்கு வருவது எந்த வகை லைன்?

ரவுட்டர் என்ற ஒரே பெயரில் நாம் அழைக்கும் பெட்டிக்குள் பெரும்பாலும் இரண்டு வேலைகள் சேர்ந்திருக்கின்றன. வெளியிலிருந்து வரும் லைனின் மொழியைக் கணினிக்குப் புரியும் மொழியாக மாற்றுவது ஒன்று. அந்த இணைப்பை வீட்டில் உள்ள கருவிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது மற்றொன்று. முதல் வேலையைத் தொலைபேசிக் கம்பியில் டிஎஸ்எல் மோடமும், கோஆக்சியல் கேபிளில் கேபிள் மோடமும், ஃபைபரில் ஓஎன்டி எனப்படும் பெட்டியும் செய்கின்றன. கடையில் நாம் வாங்கும் ரவுட்டர் பொதுவாக இரண்டாவது வேலையை மட்டுமே செய்யும். கண்ணாடி இழையை நேரடியாகச் செருகும் துளை அதில் இருக்காது.

ஆகவே வாங்குவதற்கு முன் சேவை நிறுவனத்திடம் சில கேள்விகளைக் கேட்டு, விடைகளை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கொடுத்த பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (பங்கிடும் வேலையை விட்டுவிட்டு லைனை மட்டும் மாற்றிக் கொடுக்கும் நிலைக்கு) மாற்றித் தருவார்களா? இணைப்புக்கு பிபிபிஓஇ (சேவை நிறுவனத்தின் லைனில் உள்நுழையும் முறை) பயனர்பெயரும் கடவுச்சொல்லும் உண்டா, இருந்தால் அவை என்ன? விலேன் எண் (ஒரே லைனில் வரும் சேவைகளைப் பிரித்துக் காட்டும் எண்) ஏதும் பதிய வேண்டுமா? தொலைபேசியோ தொலைக்காட்சியோ அதே லைனில் வந்தால், பெட்டியை மாற்றிய பிறகும் அவை வேலை செய்யுமா? கடைசிக் கேள்வியைக் கேட்க மறந்துவிட்டு, புதிய ரவுட்டர் வந்த நாளிலேயே வீட்டுத் தொலைபேசியை இழந்தவர்கள் உண்டு.

பிரிட்ஜ் மோடுக்கு மாற்றாமல் பழைய பெட்டிக்குப் பின்னால் புதிய ரவுட்டரைச் செருகினாலும் இணையம் வரும்; ஆனால் வீட்டுக் கருவிகளின் உள்முகவரிகளை வெளிமுகவரியாக மாற்றும் வேலை இரண்டு இடங்களில் நடப்பதால், ஆன்லைன் விளையாட்டுகளும் வெளியிலிருந்து பார்க்கும் கண்காணிப்பு கேமராக்களும் முரண்டு பிடிக்கும். வேறு வழியில்லை என்றால் பழைய பெட்டியின் வைஃபையையாவது அணைத்துவிடுவது நல்லது. இன்னொன்று: ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் காட்டப்படும் இணைய முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று பொருள். அந்த நிலையில் வீட்டு கேமராவை வெளியிலிருந்து நேரடியாக அணுக முடியாததற்கு ரவுட்டர் காரணமில்லை. நிலையான பொது முகவரியைக் கேட்டுப் பெறுவதோ, ஐபிவி6 (புதிய இணைய முகவரி முறை) வசதி இருக்கிறதா என்று பார்ப்பதோதான் வழி.

பெட்டியில் இருக்கும் எண்களைப் பிரித்துப் படித்தல்

ஏஎக்ஸ்3000 என்று எழுதிய ரவுட்டர் 3,000 எம்பிபிஎஸ் தராது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2,402 என்ற இரண்டு உச்ச வேகங்களைக் கூட்டி, மேல்நோக்கி முழுமையாக்கி எழுதிய எண் அது. இரண்டு சாலைகளின் வேக வரம்புகளைக் கூட்டி ஒரே வண்டியின் வேகமாகச் சொல்வதைப் போன்ற கணக்கு. கைப்பேசி பொதுவாக ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையில்தான் இணைந்திருக்கும். அந்த 2,402 என்பதும் 160 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனலில், அதற்கு ஒத்துழைக்கும் கருவியோடு மட்டும் கிடைக்கும் எண். 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், இரண்டு ஆன்டெனாக்கள் கொண்ட வழக்கமான கைப்பேசிக்கு அது 1,201 ஆகிவிடும். அதுவும் காற்றில் உள்ள இணைப்பு வேகம்தான். கோப்பு இறங்கும் வேகம் அதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை இருந்தால் மகிழ்ச்சி அடையலாம். ஏசி1200 என்பதையும் இப்படியே 300, 867 என்று பிரித்துப் படிக்க வேண்டும்.

முகப்பு எண்ணைவிட முதுகுப்புறப் போர்ட்டைப் பார்ப்பதில் பயன் அதிகம். மலிவான ஏசி1200 ரவுட்டர்கள் பலவற்றில் இணைய லைன் செருகும் போர்ட் 100 எம்பிபிஎஸ் வேகம் மட்டுமே கொண்டது. அதன் வழியாக நடைமுறையில் சுமார் 94 எம்பிபிஎஸ்தான் வரும். 200 அல்லது 300 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்தவர், வைஃபையில் 867 என்று பெருமையாகக் காட்டும் ரவுட்டரில் எப்போது சோதித்தாலும் 90-ஐத் தாண்டாமல் குழம்புவது இதனால்தான். விவரக் குறிப்பில் 10/100 என்று மட்டும் இருந்தால் அந்த ரவுட்டரை ஒதுக்கிவிடலாம்; 10/100/1000 என்றோ கிகாபிட் என்றோ தெளிவாக இருக்க வேண்டும். திட்டத்தின் வேகம் ஒரு கிகாபிட்டைத் தாண்டினால் மட்டும் 2.5 கிகாபிட் போர்ட் தேவை.

வைஃபை தலைமுறையைப் பொறுத்தவரை, 2018-இல் வைஃபை அலையன்ஸ் என்ற தொழில் அமைப்பு 802.11 என்று தொடங்கும் பெயர்களுக்குப் பதில் எளிய எண்களைக் கொண்டுவந்ததால் குழப்பம் ஓரளவு குறைந்தது: 802.11ஏசி என்பது வைஃபை 5, 802.11ஏஎக்ஸ் என்பது வைஃபை 6, 802.11பிஇ என்பது வைஃபை 7. என் கருத்தில் இன்று வாங்குபவருக்கு வைஃபை 6 குறைந்தபட்சத் தகுதி. வைஃபை 5 தரம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டுமே எழுதப்பட்டது. அந்த ரவுட்டர்களின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி 2009-ஆம் ஆண்டின் பழைய தரத்திலேயே ஓடுகிறது. வைஃபை 6 இரண்டு அலைவரிசைகளையும் மேம்படுத்தியது. பல கருவிகளின் சிறுசிறு தகவல்களை ஒரே அனுப்புதலில் அடுக்கி அனுப்பும் முறையையும் கொண்டுவந்தது. விளக்கு, கேமரா, கைப்பேசி என்று முப்பது கருவிகள் இருக்கும் வீட்டில், அவை அனைத்தும் வைஃபை 6 கருவிகளாக இல்லாவிட்டாலும், இதனால் பலன் உண்டு.

வைஃபை 7-க்கான சான்றளிப்பு 2024 ஜனவரியில் தொடங்கியது. அதன் உண்மையான வலிமை 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கிறது. ஆனால் அந்த அலைவரிசையில் எவ்வளவு பகுதியைப் பயன்படுத்தலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், 6 கிகாஹெர்ட்ஸே இல்லாத வைஃபை 7 ரவுட்டர்களும் விற்பனையில் உள்ளன. உங்கள் கைப்பேசியும் மடிக்கணினியும் அதை ஆதரிக்கவில்லையென்றால், கூடுதல் பணத்தை நல்ல கேபிளுக்கோ இரண்டாவது அணுகல் புள்ளிக்கோ (கேபிளால் ரவுட்டரோடு இணைத்து வேறோர் இடத்தில் வைஃபை தரும் பெட்டிக்கோ) செலவிடுவது மேல்.

ஆன்டெனாக்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். எவ்வளவு திறனில் ஒலிபரப்பலாம் என்பதை ஒவ்வொரு நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பும் வரையறுத்திருக்கிறது. எட்டுக் கொம்பு முளைத்த ரவுட்டரும் அந்த வரம்புக்குள் இருந்தாக வேண்டும். மேலும், பேச்சு இருவழிப் பேச்சு. ரவுட்டரின் குரல் மூன்றாவது அறைக்குக் கேட்டாலும், அங்கிருந்து கைப்பேசியின் சிறிய ஆன்டெனா கொடுக்கும் பதில் ரவுட்டருக்குக் கேட்க வேண்டும்.

எத்தனை ஆண்டுகள் திருத்தம் வரும்?

நம்பகம் பற்றிய கேள்விகளில் இதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன், ஏனெனில் ரவுட்டர் என்பது இடைவிடாமல் இணையத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு சிறு கணினி. அதன் மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு உற்பத்தியாளர் அதை அடைக்காமல் விட்டால், கருவி பளபளப்பாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது. 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல் ஆலையில் வைத்த கடவுச்சொற்கள் சுமார் அறுபதை மட்டும் முயன்று பார்த்தே கேமராக்களையும் ரவுட்டர்களையும் கும்பல் கும்பலாகக் கைப்பற்றியது. 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் கருவிகளில் புகுந்திருந்தது தெரியவந்து, வீட்டு ரவுட்டர்களை ஒருமுறை அணைத்துப் போடும்படி அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ மக்களைக் கேட்டுக்கொண்டது.

இதில் ஒரு குறையை மட்டும் அருகில் சென்று பார்ப்போம். பொத்தானை அழுத்திக் கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதிக்கு எட்டு இலக்க ரகசிய எண் வழியாக இணையும் முறையும் உண்டு. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள், யாராலும் ஊகிக்க முடியாது என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு பாதிகளாகப் பிரித்துச் சரிபார்த்து, முதல் பாதி தவறா சரியா என்பதைத் தனியாகச் சொல்லிவிடுகிறது; எட்டாவது இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். ஆக முதல் பாதிக்கு 10,000, இரண்டாம் பாதிக்கு 1,000, மொத்தம் 11,000 முயற்சிகளில் கதவு திறந்துவிடும். 2011 டிசம்பரில் இது வெளியானது. இன்றும் அந்த வசதியோடு ரவுட்டர்கள் வருகின்றன. வாங்கிய அன்றே அதை அணைத்துவிட வேண்டும்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது எளிது. உற்பத்தியாளரின் தளத்தில் அந்த மாடலின் ஆதரவுப் பக்கத்துக்குச் சென்று, கடைசி ஃபர்ம்வேர் எந்தத் தேதியில் வந்தது, அதற்கு முந்தையது எப்போது வந்தது என்று பாருங்கள். சில மாத இடைவெளியில் ஒழுங்காக வந்திருந்தால் அந்த மாடலை யாரோ கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றரை ஆண்டாக எதுவும் வரவில்லையென்றால், கடையில் அது எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் வேண்டாம். புதிதாக வந்த மாடலுக்கு வரலாறு இருக்காது. அதே நிறுவனத்தின் மூன்று, நான்கு ஆண்டுப் பழைய மாடலை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தால் குணம் தெரிந்துவிடும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, இணையத்தோடு இணையும் கருவிகளுக்குக் குறைந்தபட்சம் எந்தத் தேதி வரை பாதுகாப்புத் திருத்தம் தரப்படும் என்பதை உற்பத்தியாளர் அறிவிக்க வேண்டும். நீங்கள் எங்கே இருந்தாலும், அந்த மாடல் அங்கேயும் விற்கப்பட்டால், அந்நாட்டுக்கான தளப் பக்கத்தில் தேதியைத் தேடிப் பார்க்கலாம்.

மாடல் பெயருக்குப் பின்னால் இருக்கும் வன்பொருள் பதிப்பு எண்ணையும் மறக்காமல் பார்க்க வேண்டும். ஒரே பெயரில், ஒரே உறையில், உள்ளே வேறு சிப்பும் குறைந்த நினைவகமும் வைத்து இரண்டாம், மூன்றாம் பதிப்புகளை விற்பது இத்தொழிலில் சகஜம். ஒரு விமர்சனத்தில் புகழப்பட்டது முதல் பதிப்பாகவும், உங்கள் கைக்கு வருவது மூன்றாம் பதிப்பாகவும் இருக்கலாம். அந்த எண் ரவுட்டரின் அடியில் உள்ள சீட்டில் இருக்கும்.

பாதுகாப்பில், வைஃபை இணைப்பைப் பூட்டும் புதிய முறையான டபிள்யூபிஏ3-க்கு ஆதரவு கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் பழைய கருவிகள் சில அதில் இணையாது என்பதால் டபிள்யூபிஏ2-உம் டபிள்யூபிஏ3-உம் கலந்த முறையும் தேவைப்படும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியும், விருந்தினருக்கான தனி நெட்வொர்க்கும் இருக்க வேண்டும். கைப்பேசிச் செயலியில் கணக்கு தொடங்கினால்தான் அமைப்புகளையே திறக்க முடியும் என்ற வகை ரவுட்டர்களை நான் தவிர்ப்பேன். அந்த நிறுவனம் செயலியைக் கைவிட்ட நாளில் ரவுட்டரும் ஊமையாகிவிடும்.

கொஞ்சம் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறமூல (யாரும் படித்து மாற்றக்கூடிய) ஃபர்ம்வேர் 2004 முதல் வளர்ந்து வருகிறது. லின்க்சிஸ் நிறுவனத்தின் நீலமும் கறுப்புமான டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மூலநிரல் வெளியிடப்பட்டதிலிருந்து பிறந்தது அது. அதன் தளத்தில் உள்ள வன்பொருள் பட்டியலில் இடம்பெற்ற, குறைந்தது 16 எம்பி ஃப்ளாஷ் சேமிப்பிடமும் 128 எம்பி நினைவகமும் கொண்ட மாடலை வாங்கினால், உற்பத்தியாளர் கைவிட்ட பிறகும் பல ஆண்டுகளுக்குத் திருத்தங்கள் கிடைக்க வாய்ப்புண்டு. பதிப்பு எண் மாறினால் ஆதரவும் மாறும் என்பதால், மேலே சொன்ன எச்சரிக்கை இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

சூடும் நெரிசலும்

வீட்டு ரவுட்டர்கள் பலவற்றின் விவரக் குறிப்பில் இயங்கும் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் வரை என்றுதான் இருக்கும். கோடையில், மூடிய அலமாரியில், செட்டாப் பாக்ஸின் மேல் வைத்த ரவுட்டர் அந்த எல்லையை எளிதாகக் கடந்துவிடும். கெப்பாசிட்டர்களின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் தொழிலில் பழகிய கணக்கு. அடியிலும் பக்கங்களிலும் தாராளமான காற்றுத் துளைகள் உள்ள, சுவரில் மாட்டும் வசதி கொண்ட, சற்றுப் பெரிய உறையையே தேர்ந்தெடுங்கள். மெலிந்து அழகாக இருப்பது இங்கே தகுதியல்ல.

அடுத்தது, வேகச் சோதனையில் தென்படாத ஒரு நோய். ஒருவர் பெரிய காணொளியைப் பதிவேற்றத் தொடங்கியதும் மற்றவரின் வீடியோ அழைப்பு உறைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். லைன் தாங்கும் அளவைவிட அதிகமாக வரும் தகவல்களை ரவுட்டரோ மோடமோ நீண்ட வரிசையில் தேக்கி வைத்துக்கொள்வதால், உங்கள் குரலைச் சுமக்கும் சின்னஞ்சிறு பொட்டலமும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. பஃபர்புளோட் என்று பெயரிடப்பட்ட இந்தச் சிக்கலுக்கு 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வரிசையில் காத்திருப்பு நீளாமல் பார்த்துக்கொள்ளும் கோடெல் என்ற தீர்வை வெளியிட்டார்கள். அதிலிருந்து எஃப்கியூ கோடெல், கேக் என்ற வடிவங்கள் வளர்ந்தன. விவரக் குறிப்பில் எஸ்க்யூஎம் (இத்தகைய வரிசை நிர்வாகத்தின் பொதுப்பெயர்) என்றோ இந்தப் பெயர்களில் ஒன்றோ இருந்தால் அது பெரிய தகுதி. வெறும் க்யூஓஎஸ் என்ற சொல்லை நம்ப வேண்டாம். எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்று பட்டியல் போட வைப்பதோடு அது பல ரவுட்டர்களில் நின்றுவிடுகிறது. பழைய ரவுட்டரிலேயே சோதிக்க, பெரிய கோப்பொன்றைப் பதிவேற்றிக்கொண்டே 1.1.1.1-க்கு பிங் விட்டுப் பாருங்கள். 15 மில்லி விநாடியில் இருந்த பதில் 40 ஆனால் பொறுத்துக்கொள்ளலாம். 600 ஆனால் உங்களுக்கு வேண்டியது அதிக வேகமுள்ள திட்டம் அல்ல, வரிசையை ஒழுங்காக நடத்தும் ரவுட்டர். இந்த வேலைக்கு ரவுட்டருக்குள் இருக்கும் பிராசஸரின் வலு தேவை என்பதால், மிக மலிவான ஒற்றைக் கோர் ரவுட்டர்கள் வேகமான லைனில் திணறும்.

ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா?

புதியது வாங்கும் முன் பழையதை இடம் மாற்றிப் பாருங்கள். வீட்டின் ஒரு மூலையில் லைன் நுழைகிறது என்பதற்காக ரவுட்டரும் அங்கேயே கிடப்பது, பாதி சிக்னலைத் தெருவுக்குத் தானம் செய்வதற்குச் சமம். ஒரு நீளமான லேன் கேபிளால் அதை வீட்டின் நடுவே, ஆள் உயரத்தில் வைத்தால் மாற்றம் தெரியும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், பெரிய கண்ணாடி, இரும்பு அலமாரி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை சிக்னலை விழுங்கும் அல்லது திருப்பியடிக்கும்; மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸைக் கலக்கும். நேராக நிற்கும் ஆன்டெனா தன்னைச் சுற்றிப் பக்கவாட்டில்தான் அதிகம் பரப்பும், நுனியின் திசையில் மிகக் குறைவு. மாடிக்கும் எட்ட வேண்டுமென்றால் ஒன்றைப் படுக்க வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு அறையிலும் கைப்பேசிச் செயலி ஒன்றால் சிக்னலை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் வலுவின் அலகு; எண் சுழியத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்) அல்லது அதைவிட நல்ல அளவு இருந்தால் வீடியோ அழைப்புக்குப் போதும். மைனஸ் 80-ஐ நெருங்கினால் அந்த அறைக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாடு எதுவாக இருக்கலாம் என்பதில் என் வரிசை தெளிவானது: கேபிள் இழுத்து இரண்டாவது அணுகல் புள்ளி வைப்பது முதலிடம், கேபிளால் இணைத்த மெஷ் (ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் பல அலகுகளின் தொகுப்பு) அதற்கு நிகர், கம்பியில்லாத மெஷ் அடுத்தது, ரிப்பீட்டர் கடைசி. ஒரே ரேடியோவில் கேட்டதையே திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர், காற்றில் இருமுறை நேரம் எடுத்துக்கொள்வதால் வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்கும். மெஷ் தொகுப்பு வாங்கினால் அலகுகளுக்கு இடையிலான பேச்சுக்குத் தனி ரேடியோ உள்ள மூன்று அலைவரிசை வகையையோ, ஒவ்வோர் அலகிலும் கிகாபிட் போர்ட் உள்ளதையோ தேர்ந்தெடுங்கள். கேட் 5ஈ கேபிள் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட்டைத் தாராளமாகச் சுமக்கும். வீட்டில் ஏற்கெனவே அது ஓடியிருந்தால் யோசிக்கவே வேண்டாம். இரண்டாவது அலகை சிக்னலே எட்டாத அறைக்குள் கொண்டுபோய் வைப்பது வழக்கமான தவறு. சிக்னல் நன்றாக இருக்கும் பாதி வழியில் வைத்தால்தான் அதனால் எதையாவது கடத்த முடியும்.

வாங்கிய பிறகு, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள்

பெட்டியையும் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, முதல் நாளிலேயே ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, டபிள்யூபிஎஸ்ஸையும் வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலமும் 1, 6, 11 ஆகிய சேனல்களில் அக்கம்பக்கத்தில் நெரிசல் குறைந்த ஒன்றும் போதும். 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலமும் 36 முதல் 48 வரையிலான சேனல்களும் பாதுகாப்பான தொடக்கம். 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் கேட்டால், பெரும்பாலான நாடுகளில் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்களையும் ரவுட்டர் எடுத்துக்கொள்ள நேரும். ரேடார் போன்ற ஒன்றை உணர்ந்தால் சட்டப்படி அது அந்தச் சேனலை விட்டு வெளியேற வேண்டும், இத்தகைய இன்னொரு சேனலில் தொடங்குவதற்கு முன் குறைந்தது 60 விநாடிகள் காது கொடுத்துக் காத்திருக்க வேண்டும். காரணம் தெரியாமல் 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க்கின் பெயர் மட்டும் சிறிது நேரம் மறைந்து மீண்டும் வருகிறது என்ற புகார்களில் பல இதில்தான் போய் முடிகின்றன.

பிறகு அதை அணைக்காமல் ஒரு வாரம் ஓடவிட வேண்டும். கேபிள் வழியே திட்டத்தின் முழு வேகமும் வருகிறதா என்று ஒருமுறை பாருங்கள்; எல்லோரும் வீட்டில் இருக்கும் மாலையில் தொலைவான அறையிலிருந்து ரவுட்டருக்கு ஒரு மணி நேரம் பிங் விட்டு, எத்தனை பதில்கள் தவறின என்று எண்ணுங்கள்; மதிய வெப்பத்தில் உறையைத் தொட்டுப் பாருங்கள். ஏழாம் நாள் நிர்வாகப் பக்கத்தில் அப்டைம் (கடைசியாக எழுந்ததிலிருந்து ஓடிய நேரம்) என்ற வரியைத் திறந்து பார்த்தால், நடுவில் அது உங்களுக்குத் தெரியாமல் அணைந்து எழுந்திருந்தால் அங்கே அகப்பட்டுக்கொள்ளும். புதுப்பிப்புக்காகவோ மின்தடையாலோ இல்லாமல் அப்படி எழுந்திருந்தால், காரணம் தேடிக்கொண்டிருக்காமல் கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏழு நாளும் முழுதாக இருந்தால், அமைப்புகளின் நகலொன்றைக் கணினியில் சேமித்துவிட்டு, அடாப்டரின் வோல்ட்டையும் ஆம்பியரையும், பிபிபிஓஇ விவரங்கள் எங்கே இருக்கின்றன என்பதையும், திருத்தங்கள் நிற்கும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டி வையுங்கள்.